தரம் ஒன்றின் சுவரைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தரம் ஒன்றுக்கு வரப்போகிற பிள்ளைகளுக்காக எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் வகுப்பறை அலங்காரம் மும்முரமாக நடக்கிறது. பெற்றோர் சம்பளக் காசில் பிரிஸ்டல் போர்டும் டிஷ்யூ பேப்பரும் வாங்கித் தருகிறார்கள், ஆசிரியைகள் இரவில் கண்விழித்து வெட்டி ஒட்டுகிறார்கள். அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கெஞ்சிக் கேட்கிறேன், கரும்பலகை இருக்கிற சுவரில் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள். அப்படியே, தவணை முடிவில் அந்தச் சின்னப் பிள்ளைகளின் அறிக்கையில் "கவனம் போதாது" என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். இரண்டும் ஒரே விஷயம்தான்.

ஒன்றைப் பார்ப்பது சுலபம். மற்றதையெல்லாம் பார்க்காமல் விடுவதுதான் மூளைக்குக் கஷ்டம், அது வந்து சேர வருஷக்கணக்காகும். பிறந்த பிள்ளைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20, 30 சென்ரிமீற்றர் தூரம்தான், அதாவது பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கிற தூரம். ஒன்று, இரண்டு மாதத்தில் பார்த்தால், பார்வை ஒன்றில் போய் நின்றுவிட்டால் அதற்கு எடுக்கத் தெரியாது. லயத்து வீட்டு வாசலில் காயும் சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்து கடைசியில் வீரிட்டு அழும், பாட்டிமார் எதையோ கண்டு பயந்துவிட்டது என்று திருநீறு போடுவார்கள். பயம் ஒன்றுமில்லை. கண்ணைத் தானாக இழுக்கிற நடுமூளை முந்திக்கொண்டு வேலை செய்கிறது, பார்வையை விடுவித்து வேறு பக்கம் கொண்டுபோகிற மூளைப் புறணிப் பகுதிகள் இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான். மூன்று, நான்கு மாதத்தில் அது சரியாகிவிடும். ஒரு வயதை நெருங்குகிற குழந்தை, பிள்ளை மடுவத்து (தோட்டத்துப் பகல் காப்பகத்து) ஆயா "அந்தா காக்கா" என்று கை நீட்டினால் விரலை விட்டுவிட்டுக் காக்காவைத் தேடும். பேச்சுப் பழகுவதற்கு இது எவ்வளவு உதவுகிறது என்று தாய்மாருக்குச் சொல்லவே தேவையில்லை.

அப்புறம் வருவதுதான் மெதுவானது. மைக்கேல் போஸ்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் கவனத்தை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: விழிப்பாக இருப்பது, ஒரு பக்கம் திரும்புவது, வேண்டாததை ஒதுக்கி வேண்டியதில் மனதைப் பிடித்து வைப்பது. இந்த மூன்றாவது, இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரைதான் வேகமாக வளர்கிறது, அதற்குப் பொறுப்பான முன்மூளை முழுதாக முதிர இருபது வயதும் தாண்டிவிடும். நாமோ பிள்ளையை ஐந்து வயதில் கொண்டுவந்து உட்கார வைத்து, சுவர் முழுக்க பூவும் புலியும் தோரணமும் தொங்கவிட்டு, நடுவில் இருக்கிற 'அ'வை மட்டும் பார் என்கிறோம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, சில பாடங்களை நிறைய அலங்கரித்த அறையிலும் சிலதை வெறும் சுவர் அறையிலும் நடத்தி 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அலங்கரித்த அறையில் ஏறத்தாழ 39 சதவீத நேரம் பிள்ளைகளின் கவனம் பாடத்தில் இல்லை, வெறும் சுவர் அறையில் அது 28. பாடத்தில் கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் அலங்கார அறையில் 42 சதவீதம், மற்றதில் 55. சின்ன ஆய்வுதான், ஆனாலும் தரம் ஒன்று எடுக்கிற யாருக்கும் இதை நம்ப முடியாமல் போகாது.

என் வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையைப் பார்க்கவே மாட்டான். ஒருநாள் பக்கத்தில் குந்தி, எங்கே பார்க்கிறாய் என்று கேட்டேன். மேலே ஒட்டியிருந்த காகிதத் தாமரைகளில் மூன்றாவதுக்கு ஒரு இதழ் குறைகிறது டீச்சர் என்றான். எண்ணிப் பார்த்தேன், குறைந்துதான் இருந்தது. இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிற பிள்ளைக்குக் கவனம் போதாது என்று எந்த மனதோடு எழுதுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பார்வைக் குறை இருக்கும். ஒரு கண் சோம்பிக் கிடந்தால் ஏழு வயதுக்குள் கண்டுபிடித்து வைத்தியம் செய்வதுதான் நல்லது, பிந்தினால் பலன் குறையும். தரம் ஒன்றில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும் நாளில், கொழுந்துக்குப் போகிற அவசரத்தில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பின்சுவரில் ஒட்டுங்கள், பாடத்துக்கு வேண்டிய படத்தை அந்த நேரத்தில் மட்டும் முன்னால் எடுத்துக் காட்டுங்கள், பாடம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். வகுப்பைப் பார்வையிட வருகிற அதிகாரிகளும் சுவரைப் பார்த்து ஆசிரியைக்குப் புள்ளி போடுவதை விட்டு, ஒரு பத்து நிமிஷம் பின்வாங்கில் உட்கார்ந்து பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். புதுப் பிள்ளைகள் வருமுன் இதை முடிவெடுத்தால், ஒட்டியதைப் பிறகு கிழிக்கிற வேலையாவது இருக்காது.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை