துணைக் கேள்வி கேட்கக் கொறடாவின் அனுமதி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு துறையின் செலவுக்கும் பேரவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும் நாட்களில் தங்கள் நாளிதழின் சட்டமன்றச் செய்திகளை ஒன்றுவிடாமல் படித்து வருகிறேன். அமைச்சர் வெளியிடும் புதிய அறிவிப்புகள் முதல் பக்கத்தில் வருகின்றன. வெளிநடப்பும், அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட சொற்களைப் பற்றிய தகராறும் அடுத்த இடத்தைப் பிடிக்கின்றன. சென்ற ஆண்டு இதே துறை செய்வதாகச் சொன்னதில் எது நடந்தது, ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது என்று எந்த உறுப்பினர் கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பது மட்டும் தேடினாலும் கிடைப்பதில்லை. இதற்குப் பத்திரிகையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பல நாட்களில் அப்படிக் கேட்க யாருமே எழுவதில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அரசுத் துறை ஒன்றின் மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சட்டமன்றக் கேள்விக்கு என்ன வலிமை உண்டு என்பதை அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 'சட்டமன்றக் கேள்வி - மிக அவசரம்' என்று குறிக்கப்பட்ட கடிதம் தபாலில் வந்துவிட்டால் மற்ற எல்லா வேலையும் நின்றுவிடும். வட்ட அலுவலகங்களுக்குத் தொலைபேசி பறக்கும். மாலைக்குள் விவரம் வந்தாக வேண்டும். ஆனால் எல்லாக் கேள்விக்கும் இந்தப் பரபரப்பு ஒன்றுபோல் இருக்காது. 'இன்ன ஊரில் மருந்தகக் கட்டடம் கட்ட அரசு ஆவன செய்யுமா?' என்று ஒரு கேள்வி வந்தால் எழுத்தரே பதிலை எழுதிவிடுவார்: 'நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்.' ஒரே வரி. கையொப்பமாகி மேலே போய்விடும். யாருக்கும் வேர்க்காது.

ஒரு முறை அதே போன்ற ஒரு கட்டடம் பற்றி வேறு விதமான கேள்வி வந்தது. நிர்வாக ஒப்புதல் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது? விடுவிக்கப்பட்ட தொகை எவ்வளவு? அதில் செலவானது எவ்வளவு? மீதி அரசுக்குத் திருப்பி ஒப்படைக்கப்பட்டதா? தாமதத்துக்கு யார் பொறுப்பு? இப்படி (அ), (ஆ), (இ) என்று உட்பிரிவு போட்டு அந்த உறுப்பினர் கேட்டிருந்தார். எங்கள் அலுவலகமே ஆடிப்போயிற்று. கட்டுக்குள் அடியில் கிடந்த கோப்பு வெளியே வந்தது. நில அளவர் எல்லையைக் காட்டித் தராததால்தான் வேலை தொடங்கவில்லை, பணம் ஆண்டு முடிவில் திரும்பிப் போயிருந்தது என்ற உண்மை அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்த வாரமே நிலம் அளக்கப்பட்டது. கேள்வி அவையில் எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன்பே பாதிப் பயன் கிடைத்துவிட்டது. அந்த உறுப்பினர் கோஷம் போடவில்லை, மேசையைத் தட்டவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கும் முறையில் கேட்டார், அவ்வளவுதான்.

எழுத்தில் கேட்ட கேள்வியைவிட, அதன் பின்னால் எழுந்து கேட்கும் துணைக் கேள்விக்குத்தான் துறைகள் அதிகம் அஞ்சுகின்றன. மூலக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் தயாரித்துக் கொடுத்துவிடலாம். துணைக் கேள்வி எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது. என்னென்ன கேட்கக்கூடும் என்று ஊகித்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதி அனுப்புவோம். அமைச்சர் தடுமாறினால் அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு போகும். தன் துறையை உண்மையாகவே அறிந்த அமைச்சர் யார், சீட்டை வாசிப்பவர் யார் என்பது அந்த இரண்டு நிமிடங்களில் தெரிந்துவிடும். இத்தனை அருமையான வாய்ப்பை நம் உறுப்பினர்கள் பலர், தலைவருக்கு நன்றி சொல்லவும், தம் தொகுதிக்கு இன்னொரு பாலமோ கல்லூரியோ கேட்கவும் செலவழிப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. தொகுதிக்குக் கேட்பது தவறில்லை. ஏற்கெனவே அறிவித்த பாலம் என்னவாயிற்று என்று கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கலாமே!

'ஆளுங்கட்சிக்காரர் எப்படி அமைச்சரைக் கேள்வி கேட்பார்?' என்று பலர் சொல்கிறார்கள். அவர்கள் 1957-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவாகியிருந்தது. மக்கள் கட்டிய பிரீமியப் பணத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாயை எடுத்து, ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் அந்தக் கழகம் முதலீடு செய்தது. முதலீட்டுக் குழுவைக் கலந்து பேசவே இல்லை. மக்களவையில் இதைப் பற்றி முதலில் எழுந்த கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. உறுப்பினர்கள் விடவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி எழுந்து, எந்தப் பங்கு என்ன விலைக்கு வாங்கப்பட்டது, சந்தையில் அதன் விலை என்ன என்று விவரங்களை அடுக்கினார். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ரேபரேலியிலிருந்து வந்த காங்கிரஸ் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். கேள்விக்கு ஆளானவர் நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அன்றைய நிதியமைச்சர், நாட்டின் மிகத் திறமையான நிர்வாகிகளுள் ஒருவர்.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைக்கப்பட்டது. அவர் பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரித்தார். சில வாரங்களில் அறிக்கையும் தந்துவிட்டார். 'அது அதிகாரிகள் செய்தது, எனக்குத் தெரியாது' என்ற அமைச்சரின் வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. துறைச் செயலாளர் எடுத்த நடவடிக்கைக்கு அரசியல் சட்டப்படி அமைச்சரே பொறுப்பு, அதிகாரியைக் காட்டி அவர் விலகிக்கொள்ள முடியாது என்று அது சொன்னது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். சில ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் அமைச்சரானார் என்பதையும் சொல்ல வேண்டும். பொறுப்பேற்று விலகுவதால் ஒருவரின் பொது வாழ்வு அழிந்துவிடுவதில்லை. அதற்கு ஓராண்டுக்குச் சற்று முன்னர், 1956 நவம்பரில், அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் மாண்டபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் நமக்குத் தெரிந்ததே.

அந்தக் காலம் வேறு, இப்போது கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 1985-இல் வந்த அந்தச் சட்டம், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் உறுப்பினர்களுக்குச் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால்தான், அல்லது வாக்களிக்காமல் இருந்தால்தான் பதவியைப் பறிக்கிறது. கட்சியை விட்டு விலகினாலும் பறிக்கும். கேள்வி கேட்பதை அது தடுக்கவில்லை. அமைச்சரவை சட்டமன்றப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று அரசியல் சட்டத்தின் 164-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பேரவையில் ஆளுங்கட்சி வரிசையில் இருப்பவர்களும் உறுப்பினர்கள்தான். நம் 234 பேரில் அமைச்சர்கள் நீங்கலாக மற்ற அனைவருக்கும் இந்தக் கடமை உண்டு. அடுத்த தேர்தலில் போட்டியிடக் கட்சியில் சீட்டு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் இருப்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பயத்தைச் சட்டத்தின் மேல் ஏற்றிச் சொல்வது நியாயமன்று.

எதிர்க்கட்சிகளிடமும் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு துறையின் செலவில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொடுப்பது வெறும் சடங்காகிவிட்டது. நூறு ரூபாய் அங்கே முக்கியமில்லை. குறிப்பிட்ட ஒரு குறையை அவையின் முன் வைத்து, அமைச்சரிடமிருந்து நேர் பதில் வாங்குவதற்கான வழி அது. தீர்மானத்தைக் கொடுத்துவிட்டு வெளிநடப்பு செய்தால் பதிலைக் கேட்க யார் இருக்கிறார்கள்? அமைச்சருக்கு அன்று நிம்மதியான மாலையாகிவிடுகிறது. ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகளை அடைத்து விவாதத்தை முடிக்கும் வழக்கத்தை எதிர்த்தும் அவர்கள் விடாமல் குரல் கொடுக்க வேண்டும். பல ஆயிரம் கோடி ரூபாய்க்கான மானியத்தை அரை நாளில் எப்படி ஆராய முடியும்?

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உறுதிமொழிக் குழு. 'ஆவன செய்யப்படும்', 'விவரம் பெற்று அவைக்குத் தெரிவிக்கப்படும்' என்று அமைச்சர் அவையில் சொல்வது வாய்வார்த்தை அன்று. அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. அதைத் திரட்டி, நிறைவேறியதா என்று துறையைக் கேட்பதற்காகவே பேரவையில் தனிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு அந்தக் குழு வருகிறது என்றால் எங்கள் அலுவலகங்களில் எத்தனை பரபரப்பு! பத்தாண்டுக்கு முந்தைய உறுதிமொழிக்குக்கூடப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆய்வு பற்றிப் பத்திரிகைகளில் வருவதோ, குழுவினர் ஒரு கட்டடத்தின் முன் நிற்கும் படமும் நான்கு வரிச் செய்தியும்தான். எத்தனை உறுதிமொழிகள் நிலுவையில் இருக்கின்றன, எந்தத் துறை அதிகம் தவணை கேட்கிறது என்பதை எந்தச் செய்தியாளரும் எழுதி நான் படித்ததில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. கேள்வி நேரம் இப்போது நேரலையில் வருகிறது. ஒவ்வொரு துறையும் தன் பணிகளை விளக்கி அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு துறையின் மானியக் கோரிக்கை வரும் நாளன்று, சென்ற ஆண்டு அதே துறை அமைச்சர் அறிவித்தவற்றையும் இன்றைய நிலையையும் அருகருகே அச்சிடுங்கள். மறுநாள் எந்த உறுப்பினர் என்ன துணைக் கேள்வி கேட்டார், அமைச்சர் நேரடியாகப் பதில் சொன்னாரா என்பதைத் தொகுதியின் பெயரோடு வெளியிடுங்கள். தன் பெயரும் கேள்வியும் பத்திரிகையில் வரும் என்று தெரிந்தால், அடுத்த முறை அந்த உறுப்பினர் தயாரித்துக்கொண்டு வருவார். அவருக்கு விவரம் எடுத்துக் கொடுக்க என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஊழியர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். அரசாணைகளையும் கணக்குத் தலைப்புகளையும் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் உட்கார்ந்து எழுதித் தருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர்,
தஞ்சாவூர் மாவட்டம்