வெள்ளையைக் காப்பாற்று, கலா

நியூ ஜெர்சி
ஜூன் 7, 2026

அன்புள்ள கலா,

மூன்று மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நீ எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள். பத்மா அக்கா உன்னை விசாரித்தாள். மொட்டை மாடிப் பாயசத்தை அவள் இன்னும் மறக்கவில்லை, நீயும் மறக்காதே. மற்ற கதையெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதம் நீ அனுப்பிய கேக் படத்துக்காக.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அமெரிக்கக் கொடி மாதிரி அடுக்கியிருக்கிறாய், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளைப் பட்டைகள் எல்லாம் ரோஸ் கலர். ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி முதல் நாள் ராத்திரியே க்ரீமில் பதித்திருக்கிறாய், இல்லையா? நறுக்கிய பழத்தின் சாற்றை க்ரீமில் இருக்கும் சர்க்கரை ராத்திரி முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். நீலம் ஊதாவாகக் கசிந்திருப்பதைப் பார்த்தால் ப்ளூபெர்ரி ஃப்ரீசரிலிருந்து வந்தது போலிருக்கிறது. உறைந்த பழம் இளகும்போது தோல் உடைந்து சாறு விடும்.

ஜூலை 4, சுதந்திர தினத்துக்கு உங்கள் தெருவிருந்தில் நாற்பது பேருக்கு இனிப்பும் அலங்காரமும் உன் பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். இந்த வருஷம் 250-ஆவது ஆண்டு வேறு, எல்லோரும் கொஞ்சம் கூடவே எதிர்பார்ப்பார்கள். சிவப்பும் நீலமும் நீ கவலைப்பட வேண்டிய நிறங்களே இல்லை கலா. வெள்ளைதான் கஷ்டம். கேக், ஜெல்லி, காகிதம், துணி என்று எதை எடுத்தாலும் மற்ற இரண்டும் வெள்ளைக்குள் நுழையத்தான் பார்க்கும். அதைத் தடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கேக். 13-க்கு 9 இஞ்ச் தட்டில் சுட்ட சாதா வெண்ணிலா கேக் போதும். அது முழுக்க ஆறிய பிறகுதான் மேலே பூச வேண்டும். உள்ளே கொஞ்சம் சூடு இருந்தாலும் பூச்சு வழியும். பூச்சுக்கு 226 கிராம் கிரீம் சீஸ், 113 கிராம் வெண்ணெய், இரண்டரையிலிருந்து மூன்று கப் ஐசிங் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. கிரீம் சீஸ் கட்டியாக, செங்கல் வடிவத்தில் வருவதை வாங்கு. டப்பாவில் ரொட்டிக்குத் தடவ வருவது தளர்ந்துவிடும். தளர்ந்தால் இன்னும் சர்க்கரை கொட்டிக் கெட்டியாக்கலாம் என்று நினைக்காதே. கிரீம் சீஸில் இருக்கும் நீரைச் சர்க்கரை வெளியே இழுத்து மேலும் தளர்த்தும். ஃப்ரிட்ஜில் அரை மணி வைத்து எடு, அதுவே இறுகும்.

வெண்ணெய் மஞ்சள் என்பதால் பூச்சு தந்த நிறத்தில்தான் வரும். வெண்ணெயை மட்டும் தனியாக ஐந்து நிமிஷம் மிக்சரில் அடித்தால் நன்றாக வெளுக்கும். அதற்கு மேலும் வெளுக்க வேண்டுமானால் பல்குத்தும் குச்சி நுனியில் ஊதா ஜெல் கலரைத் தொட்டு, அதில் பாதியை மட்டும் கலந்துவிடு. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுகிற அதே கணக்கு. வெண்ணிலாவும் பழுப்பு நிறத்தில் இருப்பது வேண்டாம், நிறமில்லாத எசென்ஸ் கிடைக்கிறது.

பட்டைகளுக்கு ஸ்ட்ராபெர்ரியை விட்டுவிடு, ராஸ்பெர்ரி வாங்கு. அதை நறுக்க வேண்டியதில்லை, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி முழுசாகக் கவிழ்த்து வைத்தால் போதும். அளவும் கைகொடுக்கிறது. தட்டின் அகலம் 23 சென்டிமீட்டர், அதைப் பதின்மூன்றால் வகுத்தால் ஒரு பட்டைக்கு ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் வரும். கிட்டத்தட்ட ஒரு ராஸ்பெர்ரியின் அகலம் அதுதான். ஆகவே ஒரு பட்டைக்கு ஒரே வரிசை. ஏழு சிவப்பு, ஆறு வெள்ளை. மேலும் கீழும் சிவப்பில் முடிய வேண்டும். நீலக் கட்டம் நம் பார்வைக்கு இடது மேல் மூலையில், ஏழு பட்டை உயரத்துக்கு, அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர். நீளவாக்கில் ஐந்தில் இரண்டு பங்கு, சுமார் 13 சென்டிமீட்டர். கட்டத்துக்குக் கீழே முதலில் வருகிற முழுநீளப் பட்டை வெள்ளை. உன் படத்தில் அங்கே சிவப்பு இருக்கிறது, கவனித்தாயா? பழம் வைப்பதற்கு முன்பே குச்சியால் க்ரீமில் கோடு கிழித்துக்கொள். 170 கிராம் ராஸ்பெர்ரி டப்பா மூன்று வேண்டும், ப்ளூபெர்ரி ஒரு டப்பா போதும்.

பழத்தைக் காலையிலேயே கழுவித் துணியில் பரப்பி இரண்டு மணி நேரம் காயவிடு. ராஸ்பெர்ரி குழிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் தங்கினாலும் அது சிவப்பாக இறங்கும். பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அடுக்கு, அதற்கு முன்னால் வேண்டவே வேண்டாம். நட்சத்திரம் ஐம்பதையும் வைக்கத் துடிக்காதே. உண்மையான கொடியில் ஆறு ஆறாக ஐந்து வரிசையும், ஐந்து ஐந்தாக நான்கு வரிசையும் மாறி மாறி வரும். 1960 ஜூலை 4-இலிருந்து அப்படித்தான். கேக்கில் ப்ளூபெர்ரி இடுக்குகளில் சின்னச் சின்ன க்ரீம் பொட்டு வைத்தாலே நன்றாக இருக்கும். இந்தக் கேக்கை வெயிலில் வைக்காதே. வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் பால் சேர்ந்த எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மேஜையில் இருக்கக்கூடாது; அதற்குக் கீழே என்றால் இரண்டு மணி.

மூவண்ண ஜெல்லி பற்றிக் கேட்டிருந்தாய். கடையில் வாங்கும் ஜெல்லிப் பொடி ஜெலட்டின், மாட்டிலோ பன்றியிலோ எடுப்பது. மார்ஷ்மெல்லோவிலும் அதுதான், ஆகவே மார்ஷ்மெல்லோவில் பிடிக்கிற அரிசிப்பொரிக் கட்டியும் உன் மாமியாருக்கு ஆகாது. கடல்பாசியில், அதாவது அகர் அகரில், செய்துவிடு. ஜூலை வெயிலுக்கு உண்மையில் அதுதான் சரி. ஜெலட்டின் சூட்டில் இளகி ஓடும். கடல்பாசி உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை அசையாது.

8 இஞ்ச் சதுரத் தட்டு எடுத்துக்கொள். ஒவ்வோர் அடுக்குக்கும் மொத்தம் இரண்டு கப் திரவம், இரண்டு டீஸ்பூன் கடல்பாசித் தூள். சிவப்புக்கு: ஒன்றேகால் கப் தண்ணீரில் தூளைக் கரைத்து, சர்க்கரை கால் கப்புக்குச் சற்றுக் கூடப் போட்டு, முழுசாக இரண்டு நிமிஷம் கொதிக்க விடு. வெறுமே சூடானால் போதாது, தூள் கரையாமல் மணல் மணலாக நிற்கும். அடுப்பை அணைத்த பிறகு, வடிகட்டிய ஸ்ட்ராபெர்ரிச் சாறு முக்கால் கப் ஊற்று. சாற்றைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் அதன் புளிப்பு கடல்பாசியின் பிடிப்பை உடைக்கும். சாறு ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியோடும் இருக்கக்கூடாது, ஊற்றிய இடத்திலேயே கட்டி கட்டும்.

வெள்ளைக்கு: ஒரு கப் தண்ணீரில் தூளைக் கொதிக்கவிட்டு, அரை கப் தேங்காய்ப்பால், அரை கப் கன்டென்ஸ்டு மில்க். ஊற்றுகிற வரை கிளறிக்கொண்டே இரு, இல்லாவிட்டால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு மேலே போய்த் திட்டுத் திட்டாக நிற்கும். நீலத்துக்குச் சங்குப்பூ! காய்ந்த பூ இருபத்தைந்தை இரண்டு கப் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தால், எந்த பாட்டில் கலரும் தராத நீலம் வரும். சர்க்கரை மட்டும் போடு. எலுமிச்சை ஒரு துளி பட்டாலும் ஊதாவாகிவிடும்.

அடுக்குகிற நேரம்தான் உயிர். கீழ் அடுக்கின் மேலே விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், உள்ளே போகக்கூடாது. அப்போது அடுத்த அடுக்கைக் கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதி தணிந்த பிறகு, கரண்டியின் முதுகில் விழும்படி மெதுவாக ஊற்று. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கீழே இருப்பது கரைந்து, சிவப்பு வெள்ளைக்குள் மேகம் மேகமாக ஏறும். கீழ் அடுக்கு முழுக்க உறைந்து குளிர்ந்த பிறகு ஊற்றினால் வெட்டும்போது தட்டுத் தட்டாகக் கழன்று வரும். ஒருவேளை நேரம் தவறிவிட்டால், முள்கரண்டியால் மேற்பரப்பை லேசாகக் கீறிவிட்டு ஊற்று, பிடித்துக்கொள்ளும். துண்டு போடும்போது கத்தியை வெந்நீரில் நனைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் துடை. துடைக்காமல் அடுத்த வெட்டு போட்டால் சிவப்பு வெள்ளையின் மேல் தீற்றிக்கொள்ளும். அன்று காலையில்தான் செய்ய வேண்டும். ஒரு நாள் இருந்தாலே நிறம் எல்லையைக் கடந்து வெள்ளைக்குள் ஊறத் தொடங்கும்.

குழந்தைகளுக்கு மூன்றடுக்கு ஜூஸ் வேண்டுமானால் லேபிளில் சர்க்கரை அளவைப் பார். அதிகச் சர்க்கரை அடியில், சர்க்கரையே இல்லாத நீல பானம் மேலே. கண்ணாடித் தம்ளர் நிறைய ஐஸ் போட்டு, ஐஸ் மேல் படும்படி மெதுவாக ஊற்றினால் தனித்தனியாக நிற்கும்.

இனி ஒரு விஷயம், இதை மட்டும் பொறுமையாகப் படி. மே மாதம் நீ கட்டிய "ஹேப்பி மெமோரியல் டே" தோரணத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுத் தாத்தா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். ராணுவத் தொப்பி போடுகிற மனிதர் என்றும் சொன்னாய். அவர் கோபித்துக்கொள்ளவில்லை கலா. அந்த நாள் போரில் செத்தவர்களுடையது. 1868 மே 30-இல் உள்நாட்டுப் போரில் மாண்டவர்களின் கல்லறைகளில் பூ வைக்கும் நாளாகத்தான் அது நாடு முழுக்கத் தொடங்கியது. 1971-இலிருந்து மே மாதக் கடைசித் திங்கட்கிழமை. அன்று மதியம் வரை கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். அவருக்கு யாரை நினைத்து அடைத்துக்கொண்டதோ. உயிரோடு இருக்கிற வீரர்களுக்கு நன்றி சொல்ல நவம்பர் 11 இருக்கிறது, அன்று அவருக்கு ஒரு தட்டு இனிப்பு கொடுத்துவிட்டு வா.

அடுத்த மே மாதம் தோரணம் வேண்டாம். சிவப்பு பாப்பிப் பூ செய். 1918-இல் மொய்னா மைக்கேல் என்ற ஜார்ஜியா ஆசிரியை மாண்டவர்கள் நினைவாக அணியத் தொடங்கிய பூ அது. சிவப்பு கிரேப் தாளில் ஆறு சென்டிமீட்டர் இதழ் நான்கு வெட்டு. தாளின் சுருக்கங்கள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கட்டைவிரலால் குழிக்க வராது, கிழியும். நடுவில் கறுப்புத் தாளை ஓரம் நறுக்கிச் சுருட்டி வை, கம்பியால் கட்டு. அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கிரேப் தாளை ஜூலை 4-க்கு வெளியே கட்டாதே. நாலு துளி மழை பட்டாலே சாயம் இறங்கி மேஜைவிரிப்பு முழுக்கக் கறையாகும். வாசல் கைப்பிடிச் சுவரில் அரைவட்ட விசிறிகள் கட்டு. 15 சென்டிமீட்டர் அகலத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்குக் கெட்டியான வெள்ளைத் தாள். ஒரு விளிம்பில் ஐந்து சென்டிமீட்டர் நீலப் பட்டை, மறு விளிம்பில் ஐந்து சென்டிமீட்டர் சிவப்புப் பட்டை ஒட்டு. வெள்ளை, அடித்தாளே. சிவப்பின் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டினால் வெயிலில் ரோஸாகத் தெரியும். ஒட்டியது நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு சென்டிமீட்டர் மடிப்பாக விசிறி மடி. நீல விளிம்பைச் சேர்த்துக் கட்டி, அது மேலே வரும்படி தொங்கவிடு. நீலம் மேலே, வெள்ளை நடுவே, சிவப்பு கீழே என்பதுதான் கொடிச் சட்டம் சொல்லும் முறை. கொடி அச்சடித்த பேப்பர் நாப்கினையும் வாங்காதே, துடைத்துக் குப்பையில் போடுகிற பொருளில் கொடி கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. தண்டனை ஒன்றும் கிடையாது, ஆனால் அந்தத் தாத்தா கண்ணில் படும். ஒற்றை நிற நாப்கின் மூன்று கட்டு வாங்கினால் தீர்ந்தது.

நட்சத்திரம் வெட்டுவதை உன் மகளிடம் விடு. முதல் கொடியைத் தைத்ததாகச் சொல்லப்படும் பெட்ஸி ராஸ், ஃபிலடெல்ஃபியாவில் ஒரே வெட்டில் ஐந்து முனை நட்சத்திரம் வெட்டி ஜார்ஜ் வாஷிங்டனிடம் காட்டினாள் என்று ஒரு கதை. 1870-இல் அவள் பேரன் சொன்னதுதான், ஆதாரம் இல்லை. வெட்டு மட்டும் உண்மை. சாதாரண அச்சுத் தாளைப் பாதியாக மடி. மடிப்பின் நடுப்புள்ளியில் பாகைமானி வைத்து, 180 டிகிரியை 36, 36-ஆக ஐந்து பங்கு போடு. அந்தக் கோடுகளில் முன்னும் பின்னுமாக விசிறி மடி. இப்போது ஒரு கூர்மையான ஆப்பு கிடைக்கும். கூர்நுனியிலிருந்து ஒரு விளிம்பில் 10 சென்டிமீட்டரில் புள்ளி, மறு விளிம்பில் 3.8-இல் புள்ளி. இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டு. 3.8-ஐக் கூட்டினால் நட்சத்திரம் குண்டாகும், 8.1-க்குப் போனால் ஐங்கோணமே வந்துவிடும். குறைத்தால் முனைகள் முள்ளாகும். மடித்தால் பத்துத் தாள் கனம், ஆகவே துணி வெட்டுகிற கத்தரிக்கோல் கொடு.

அடுத்த ஞாயிறு, ஜூன் 14, கொடி நாள். 1777-இல் பதின்மூன்று பட்டைக் கொடியை ஏற்றுக்கொண்ட தேதி. அதையே ஒத்திகையாக வைத்துக்கொள். பாதி அளவில் கடல்பாசி மட்டும் செய்து பார், அடுக்குகிற நேரம் கைக்குப் பழகட்டும். சங்குப்பூப் பொட்டலம் ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன், இரண்டு தடவைக்கு வரும். வெட்டிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. மேலிருந்து எடுத்தால் எனக்கு ஒன்றும் தெரியாது, வெள்ளை அடுக்கின் இரண்டு ஓரமும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
விஜி