அத்தான், இந்த லீவுக்கு நான் ஓடப்போவதில்லை

அத்தான்,

போனில் சொன்னால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் நீல டிக் மட்டும் வரும். அதனால் இங்கே எழுதுகிறேன். ஊர்க்காரர்கள் படிப்பார்கள், என் ராணுவ யூனிட்டில் தமிழ் தெரிந்தவர்கள் படிப்பார்கள், அக்கா கண்டிப்பாகப் படிப்பாள். ஆகவே சில விஷயங்களைத் தொடாமல் போவேன். எதைத் தொடவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் கடைசியில் வருகிறேன். ரோலர் ஸ்கி, அதாவது தார் ரோட்டில் ஓட்டும் சக்கரம் வைத்த ஸ்கி, கொண்டுவர மாட்டேன், பரணில் கிடக்கும் பழைய ஜோடியையும் இறக்கிவைக்க வேண்டாம். காலையில் விடியும்வரை தூங்குவேன். சாயங்காலம் குறுக்குத்துறையில் ஆற்றில் கிடப்பேன், தோன்றினால் நடப்பேன். அவ்வளவுதான். இங்கே கோச்சிடம் கேட்டாயிற்று. அவர் சரி என்று சொன்னதைவிட, இதை ஏன் இவ்வளவு தயங்கிக் கேட்கிறாய் என்று அவர் பார்த்த பார்வைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: நான் போவது மலை உச்சியிலிருந்து சறுக்கி இறங்கும் ஸ்கி இல்லை. இரண்டு கோலை ஊன்றி, சமதளத்திலும் ஏற்றத்திலும் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக்கொண்டு போகும் கிராஸ் கன்ட்ரி. காஷ்மீரில் குல்மர்க்கில் டிசம்பர் வாக்கில் பனி கிடைத்தால் மார்ச் வரை ஓடும். மிச்ச மாதங்களில் காலில் சக்கரம் வைத்த கட்டையை மாட்டிக்கொண்டு தார் ரோடுதான். பனியில் ஜெயிப்பது கோடையில் செய்த வேலையால்தான் என்று எல்லா நாட்டு ஸ்கிக்காரர்களும் சொல்வார்கள். நீங்களும் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். தப்பில்லை. கோடையில் நீங்கள் சேர்த்துக்கொண்டே போனீர்கள், கழிக்கவே இல்லை, அதுதான்.

அந்த அக்னி நட்சத்திரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. முந்தின ராத்திரி கல்யாண வீடு, படுக்கும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. வழக்கம்போல் நாலரைக்கு எழுப்பாமல் ஏழு மணிவரை விட்டீர்கள், அதுவே பெரிய தயவு என்று நினைத்தேன். ஆனால் ஓட்டத்தை விடவில்லை. நாலு வழிச்சாலையின் சர்வீஸ் ரோட்டில் நாங்குநேரி பக்கமாக, ஐந்து நிமிஷம் முழு வேகம், இரண்டு நிமிஷம் மெதுவாக, மறுபடி ஐந்து. பக்கத்திலேயே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் நீங்கள், கழுத்தில் ஸ்டாப்வாட்ச். பத்து மணி வெயிலில், புதிதாகத் தார் போட்டிருந்த இடத்தில் கோலின் முனை உள்ளே இறங்கியது. ஊன்றினால் பிடுங்க வேண்டியிருந்தது. பிடுங்கிப் பிடுங்கி தோள் எரிந்தது. சொன்னேன். "பனியில மட்டும் என்ன இறங்காமலா இருக்கும்" என்றீர்கள்.

அப்புறம் ஆடுகள். ஒரு மந்தையே ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. ரோலர் ஸ்கியில் பிரேக் கிடையாது, பக்கத்து மண்ணில் இறங்கித்தான் நிற்க வேண்டும், நான் இறங்கிய இடத்தில் சீமை உடை முட்செடி. உள்ளங்கை முழுக்க முள். வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். ஸ்டாண்டு போடக்கூட நேரமில்லாமல், அந்த முட்டியோடு. தலையில் தண்ணீர் ஊற்றி, என் கையை உங்கள் மடியில் வைத்து, சட்டைப் பையிலிருந்த ஊக்கை எடுத்து ஒவ்வொரு முள்ளாக நெம்பினீர்கள். அப்பா இருந்திருந்தால்கூட அவ்வளவு பொறுமை இருந்திருக்காது. ஆடு மேய்த்த பெரியவர் பக்கத்தில் நின்று "புள்ளய நெழல்ல போடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது, வலியால் இல்லை.

கடைசி முள்ளை எடுத்துவிட்டு வாட்ச்சைப் பார்த்தீர்கள். அதை நிறுத்தவே இல்லை நீங்கள். "மாப்ள, இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

நான் எழுந்து ஓடினேன். நீங்கள் பிடித்து இழுக்கவில்லை, நானாகத்தான் எழுந்தேன், அதை மறைக்க மாட்டேன். இருபத்து மூன்று வயதுப் பையன் அந்தக் குரலுக்கு எழாமல் என்ன செய்வான் என்பதையும் நீங்கள் யோசித்திருக்கலாம்.

அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான் போனது. வெயிலுக்குப் பயந்து நாலரைக்கு எழுந்தோம், ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு முன்னால் வீட்டில் யாரும் படுப்பதில்லை, கரண்டு போனால் புழுக்கத்தில் அதுவும் இல்லை. மத்தியானம் கண் அசந்தால் "உடம்பு ஊதிரும்" என்று எழுப்பிவிடுவீர்கள். வெயிலிடம் தப்பிக்கத் தூக்கத்தை வெட்டினோம். அப்படியும் வெயிலிடம் தப்பவில்லை. சூட்டில் ரத்தம் தசைக்கும் போகவேண்டும், உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கும் போகவேண்டும். வேர்வையில் தண்ணீர் குறையக் குறைய ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பின் எண்ணிக்கை ஏறுகிறது. அதே வேகம்தான், உடம்புக்கு மட்டும் அது கூடுதல் வேலை. உங்கள் நோட்டில் "மெது ஓட்டம்" என்று எழுதிய நாளில்கூட என் இதயம் மெதுவாக ஓடவில்லை அத்தான். கஷ்டமான நாளும் கஷ்டம், லேசான நாளும் கஷ்டம். உடம்பு எப்போது ஆறும்?

நார்வேயின் கிராஸ் கன்ட்ரி வீராங்கனை மாரிட் பியோர்கனைப் பற்றி நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். 2002 முதல் 2018 வரை ஐந்து ஒலிம்பிக்கில் 15 பதக்கம். அவர் வருஷத்துக்கு 900 மணிநேரத்துக்கு மேல் பயிற்சி செய்த வருஷங்கள் உண்டு என்று படித்துவிட்டு அந்த 900-ஐ மட்டும் நோட்டின் அட்டையில் எழுதிவைத்தீர்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு பேசிக்கொண்டே போகக்கூடிய மெதுவான வேலை என்பதும் அதே இடத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் உங்களுக்குக் காட்டினேன். "அவளுக்குக் குளிர் நாடு, மாப்ள" என்றீர்கள். அதைத்தானே நானும் சொன்னேன்!

அந்த சீசன் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டேன். குல்மர்க் 2,650 மீட்டர் உயரம், அங்கே களைப்பு ஆறுவதற்கே கூடுதல் நாள் பிடிக்கும், நான் போனதே களைப்போடு. காலையில் படுக்கையிலேயே நாடி பார்த்தால் வழக்கத்தைவிட ஏறியிருக்கும், போட்டியில் முழுமூச்சாகத் தள்ளினால் அதே நாடி மேலே ஏற மறுக்கும். பசி இல்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல். பக்கத்துக் கட்டில்காரன் பூட்ஸ் போடும் சத்தத்துக்கெல்லாம் சண்டை போட்டேன். சோம்பேறித்தனம் என்று நீங்கள் போனில் சொன்னபோது கடைசிச் சதைவரை உழைத்திருந்த உடம்பு இது.

அதற்குப் பதிலாக உங்கள் முட்டியைப் பற்றி நான் சொன்னது பெரிய வார்த்தை. மன்னித்துக்கொள்ளுங்கள். அக்கா பக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது, அதற்குத் தனியாக மன்னிப்பு. ஆனால் சொன்னது பொய் இல்லை. பாளையங்கோட்டை கிரவுண்டில் வீங்கின முட்டியோடு ஓடி ஓடி உங்கள் ஓட்டம் இருபத்தாறு வயதில் முடிந்தது. உங்களுக்கு யாரும் "இன்னைக்கு உக்காரு" என்று சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அதை என் காலில் ஏன் தீர்த்தீர்கள்?

2018-இல் பியோங்சாங் ஒலிம்பிக்கில் நம்ம ராணுவத்து ஜகதீஷ் சிங் 15 கிலோமீட்டரில் 103-ஆவது வந்த அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "அங்க போயி நிக்கதுக்கே ஒரு ஆயுசு வேணும்ல" என்றீர்கள். நான் பனியைப் பார்க்காதபோதே என்னை அங்கே நிறுத்திப் பார்த்தது நீங்கள்தான், வேறு யாருமில்லை. அந்த முதல் ஜோடி ரோலர் ஸ்கி எப்படி வந்தது என்று இங்கே எழுதமாட்டேன். கடன் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை, அது மட்டும் போதும்.

இப்போது திட்டம் இப்படி: மூன்று வாரம் ஏற்றினால் நாலாவது வாரம் பாதியாகக் குறைப்பது. வேகமான வேலை வாரத்துக்கு இரண்டே நாள், மற்றதெல்லாம் உண்மையிலேயே மெதுவாக. வாரத்தில் ஒருநாள் ஒன்றுமே இல்லை. ஓடி முடித்த கையோடு சோறு, ஒரு மணிநேரம் கழித்து இல்லை. இதில் அக்கா எப்போதோ ஜெயித்துவிட்டாள். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள், நீங்கள்தான் "முதல்ல ஸ்ட்ரெச்சிங்" என்று அவளைத் திருப்பி அனுப்புவீர்கள். லீவு முழுக்க அதுதான் சாப்பிடப்போகிறேன், அவளிடம் சொல்லிவிடுங்கள். சாரல் விழும் நேரத்தில் லீவு கிடைத்திருந்தால் குற்றாலத்தில் போய் நின்றிருப்பேன். அதற்குள் இங்கே கேம்ப் தொடங்கிவிடும்.

இதையெல்லாம் ஊர் பார்க்க எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் கிரவுண்டில் உங்களோடு சில பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் ஒருத்தி பத்தாவது படிக்கிறவள், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பு வலிக்கிறது என்று சொல்லியும் படி ஏறி இறங்கவைத்தீர்களாம். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், அக்கா இல்லை. எனக்கும் அங்கேதான் ஆரம்பித்தது. அவளை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், வலி போகும்வரை உட்காரவையுங்கள். அவள் அப்பாவும் இதைப் படிப்பார். உங்களுக்குக் கோபம் வரட்டும், பரவாயில்லை.

பதிலை இங்கே கீழே எழுதாதீர்கள், நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். போன் பண்ணுங்கள். ராத்திரி ஒன்பதுக்குள் பண்ணுங்கள், அதற்குமேல் நான் எடுக்கமாட்டேன், தூங்கியிருப்பேன்.