முதல் பகடை உருள்வதற்கு முன்

கண்ணா,

சனிக்கிழமை ஐந்து பேரை உட்காரவைத்து பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தப்போகிறாய், கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் டிஎம் நீதான் என்றாய். குகை, வரைபடம், பூதம் எல்லாம் தயார் என்றாய். மேஜை விதிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழுக்கள் பெரும்பாலும் கலைவது அங்கேதான்: யார் வரவில்லை, எந்த உருட்டல் செல்லும், யார் யாரிடம் திருடினார்கள் என்கிற மனத்தாங்கலில்.

சனிக்கிழமை கதையைத் தொடங்காதே. அதை செஷன் ஜீரோவாக, அதாவது ஆடுவதற்கு முன் எல்லோரும் பேசி முடிவுசெய்யும் நாளாக வை, இரண்டு மணி நேரம் போதும். யாரும் தாங்கள் ஆடப்போகும் கேரக்டரை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வரவேண்டாம் என்று இன்றைக்கே செய்தி அனுப்பு. தனித்தனியாக எழுதினால், யாரையும் நம்பாத ஐந்து ஊமை வீரர்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் ஏன் சேர்ந்து பயணம் போகவேண்டும் என்பதற்கு நீதான் காரணம் தேடி அலையவேண்டும்.

முதலில் நாள். "எல்லோருக்கும் எப்போ வசதி?" என்று வாராவாரம் வாட்ஸப்பில் கேட்காதே, அப்படிக் கேட்கும் குழு இரண்டு மாதம் தாண்டாது. ஒன்றுவிட்ட சனி, மாலை 4 முதல் 7, நடுவில் பத்து நிமிட இடைவேளை என்று ஒரே அடியாக முடிவு செய். மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு, குறைந்தால் இல்லை. வராதவரின் கேரக்டரை வேறு யாரும் ஆட்டக்கூடாது, அது பின்னணியில் நிற்கட்டும். லெவல் மட்டும் எல்லோருக்கும் சேர்ந்தே ஏறட்டும். பரீட்சைக்காக வராமல்போன பிள்ளையைத் தண்டித்து என்ன ஆகப்போகிறது?

கேரக்டரின் வலிமை, அறிவு மாதிரி ஆறு திறன்களுக்கான எண்களுக்குப் பகடை உருட்டவேண்டும் என்று கேட்பார்கள். நாலு ஆறுமுகப் பகடை, சிறியதை விட்டுவிட்டுக் கூட்டுவது கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஒருவனுக்கு இரண்டு 18 விழும், பக்கத்தில் இருப்பவளுக்கு 12-க்கு மேல் ஒன்றும் விழாது. அந்த ஐந்து நிமிட அதிர்ஷ்டத்தோடு ஒரு வருஷம் ஆடவேண்டும். 15, 14, 13, 12, 10, 8 என்ற வரிசையை எல்லோருக்கும் கொடுத்துவிடு, இல்லையென்றால் ஆளுக்கு 27 புள்ளி கொடுத்து, அதைச் செலவழித்து எண்களை வாங்கச் சொல்லும் முறை.

பகடைக்கு: என்ன செய்கிறேன் என்று சொல்லி, நீ உருட்டச் சொன்ன பிறகு உருட்டியது மட்டும் செல்லும். கீழே விழுந்தது, சாய்ந்து நின்றது இரண்டுக்கும் மறு உருட்டல், 20 தெரிந்தாலும்கூட. தாக்கும்போது டி20 என்கிற இருபதுமுகப் பகடையையும், அடி எவ்வளவு என்று சொல்லும் சேதப் பகடையையும் சேர்த்தே உருட்டச் சொல்.

20 பற்றி அன்றைக்கே பேசிவிடு. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதலுக்குத்தான். திறமைச் சோதனைக்கு இல்லை. இதைச் சொல்லாவிட்டால் ஒருவன் 20 போட்டுவிட்டு ராஜாவிடம் சிம்மாசனத்தையே கேட்பான். 1 விழுந்தால் வாள் நழுவி நண்பனைக் குத்தும் என்கிற வேடிக்கையும் புத்தகத்தில் இல்லை, நீயும் சேர்க்காதே. ஐந்தாம் லெவலில் ஃபைட்டர் வகைக் கேரக்டர் தன் ஒரு முறைக்கு இரண்டு தடவை தாக்குவான். அதிகம் உருட்டுபவனுக்கே 1 அதிகம் விழும். தேறத் தேற அவன் கோமாளியாகிக்கொண்டே போவான்.

சண்டைக் காட்சிதான் நேரத்தைத் தின்னும். ஆளுக்கு மூன்று நிமிடம், உன் பூதங்களுக்கு ஐந்து என்றால் ஒரு ரவுண்டு இருபது நிமிடம். நாலு ரவுண்டில் பாதி மாலை போய்விடும். "இப்போ நீ, அடுத்து அவள்" என்று ஒவ்வொரு முறையும் சொல். ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லாதவர் 'டாட்ஜ்' செய்ததாக, அதாவது தாக்காமல் தற்காத்துக்கொண்டதாக வைத்துக்கொள்.

விதித் தகராறுக்கும் ஒரே நிமிடம்தான். இரண்டு பக்கமும் கேள், தீர்ப்புச் சொல், ஒரு துண்டுத்தாளில் குறித்துவை, ஆட்டம் முடிந்த பிறகு புத்தகத்தைப் பார். நீ சொன்னது தப்பு என்றால் அடுத்த செஷனிலிருந்து சரியானது அமலுக்கு வரும், நடந்ததைத் திருப்பாதே. அந்தத் தப்பால் ஒரு கேரக்டர் செத்திருந்தால் மட்டும் திருப்பு.

கூட இருப்பவரிடம் திருடுவது, அடிப்பது: பாதிக்கப்படும் ஆட்டக்காரர் சரி என்றால்தான் நடக்கும், முடிவையும் அவரே சொல்வார். "என் கேரக்டர் அப்படித்தான்" என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட கேரக்டரைச் செய்தது யாராம்?

இதை விட்டுவிடாதே: ஆளுக்கு ஒரு சீட்டு கொடு. கதையில் வரவே கூடாதது ஒரு பக்கம், நடந்தாலும் திரைமறைவில் போகவேண்டியது மறுபக்கம். பெயர் வேண்டாம். உன் சீட்டையும் சேர்த்துக் கலந்து படி. குழந்தைகளுக்குத் துன்பம், சிலந்தி, தற்கொலை என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். மேஜை நடுவில் எக்ஸ் கார்டும் வை. யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிவிடவேண்டும். ஆனால் வெறுமனே வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். முதல் செஷனிலேயே ஏதாவது சின்ன விஷயத்துக்கு நீ தொட்டுக் காட்டு.

போனைத் தடை செய்ய முடியாது, பாதிப் பேரின் கேரக்டர் அதில்தான் இருக்கும். வேலை இல்லாதபோது கவிழ்த்து வைக்கட்டும். மிக்சர் கிண்ணம் வேறு ஸ்டூலில்.

எல்லாம் ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கவேண்டும். மூன்றாவது செஷன் முடிந்ததும் எல்லோருமாக அதைத் திரும்பப் படித்து, ஒருமுறைகூடத் தேவைப்படாத விதியை அடித்துவிடுங்கள். பென்சில் ஆறு, உபரி டி20 இரண்டு எடுத்துப்போக மறக்காதே.

அம்மா