உன் திருமணமும் இங்குள்ள சட்டமும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உங்கள் திருமணம் சிங்கப்பூரில் செல்லுமா என்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போதே ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் சட்ட விஷயத்தை வாய்ப்பேச்சாக விட்டால் அது அவரவர் விருப்பத்துக்கு ஏற்றபடி மனத்தில் தங்கிவிடும். வழக்கறிஞர் அலுவலகத்தில் உயில்களையும் சொத்துக் கோப்புகளையும் கவனித்த காலமெல்லாம் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுத்தில் தருகிறேன். நீ மணக்கப்போகும் பெண்ணுக்கும், அதாவது என் மருமகளுக்கும், வரிக்கு வரி படித்துச் சொல்.

நீங்கள் மெல்பர்னில் பதிவு செய்யப்போகும் திருமணம் சிங்கப்பூரில் செல்லாது. பொதுவாக எல்லாரும் "இங்கே அங்கீகாரம் இல்லை" என்று மென்மையாகச் சொல்வார்கள்; சட்டம் அதைவிடக் கடுமையானது. திருமண நாளன்று ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் இல்லாத இருவருக்கு, சிங்கப்பூரில் ஆனாலும் வேறு எந்த நாட்டில் ஆனாலும், நடத்திவைக்கப்பட்ட திருமணம் செல்லாது என்று, மாதர் சாசனம் என்னும் இங்குள்ள திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பர் முதல் உங்களைப் போன்றவர்களுக்கு முழுத் தகுதியோடு கிடைத்துவரும் திருமணச் சான்றிதழ், சாங்கியில் வந்து இறங்கியதும் உங்களைத் தம்பதி என்று காட்டாது. உறவினர் எல்லாரும் வந்துபோக வசதியாக இருக்கும், பேங்காக்கில் வைத்துக்கொள்ளலாமே என்று உன் சித்தப்பா நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார். தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் இத்தகைய திருமணங்களைப் பதிவு செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே செய்தாலும் இங்கே நிலைமை இதேதான். ஆகவே ஊரை உங்கள் மனத்துக்குப் பிடித்தபடி தேர்ந்தெடுங்கள்.

இது மாதர் சாசனத்தில் இருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. 1961ஆம் ஆண்டு அந்தச் சட்டம் வந்த பிறகுதான், முஸ்லிம் அல்லாத ஆண் ஒருவன் மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியை மணப்பது இந்த ஊரில் முடிவுக்கு வந்தது. உன் பாட்டி தலைமுறைப் பெண்களுக்குக் காலூன்றி நிற்க ஓர் இடம் கொடுத்த சட்டம் அது. அந்தச் சட்டத்துக்குள்தான் 1996இல் ஒரு திருத்தத்தின் வழியாக, ஒரே பாலினத்தவர் செய்துகொள்ளும் திருமணம் செல்லாது என்பதை எழுதிச் சேர்த்தார்கள். பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் தம் புதிய பாலினத்தின்படி மணம் செய்துகொள்ளலாம் என்பதற்கும் அதே திருத்தம் வழிவிட்டது. உங்கள் இருவருக்கு அதில் இடமில்லை.

"377ஏவைத்தான் நீக்கிவிட்டார்களே, பிறகு என்னம்மா?" என்று நீ கேட்டாய். பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தண்டனைச் சட்டத்தின் அந்தப் பிரிவு ஆங்கிலேயர் 1938இல் கொண்டுவந்தது. ஆணும் ஆணும் கொள்ளும் உறவுக்கு ஈராண்டு வரை சிறை என்றது. பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. அதாவது, நீ பிறந்த நாளிலிருந்து அந்தச் சட்டம் ஒருநாளும் உன்னைத் தொட்டதில்லை. அது நீங்கியதால் எத்தனையோ தாய்மார்களின் மகன்கள் குற்றவாளி என்ற பெயரிலிருந்து விடுபட்டார்கள். அதற்காக நான் மனமார மகிழ்ந்தேன். ஆனால் உன் திருமணத்துக்கு அதனால் கிடைத்தது ஒன்றுமில்லை.

அது எப்படி நீங்கியது என்பதையும் நீ அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் உன்னைத் தொடும் செய்தி அந்தக் கதையின் முடிவில்தான் இருக்கிறது. 2007இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது நாடாளுமன்றம் 377ஏவை அப்படியே விட்டுவைத்தது. 2010இல் தமிழ் வழக்கறிஞர் எம். ரவி, தம் கட்சிக்காரர் ஒருவருக்காக அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது அல்ல என்று தீர்ப்பளித்தது. மறுபடியும் மூவர் வழக்குத் தொடுத்தார்கள். 2022 பிப்ரவரி 28ஆம் தேதி அதே நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்த முடியாது என்றும் சொன்னது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் இரண்டு அறிவிப்புகளைச் சேர்த்தே வெளியிட்டார். 377ஏ நீக்கப்படும் என்பது ஒன்று. திருமணத்தின் பொருளை நீதிமன்ற வழக்குகள் மாற்றிவிடாதபடி அரசமைப்புச் சட்டம் திருத்தப்படும் என்பது மற்றொன்று.

நவம்பர் 29ஆம் தேதி இரண்டு மசோதாக்களும் நிறைவேறின. சட்ட அமைச்சர் கா. சண்முகம் கொண்டுவந்த நீக்க மசோதாவுக்கு ஆதரவாக 93 பேரும் எதிராக 3 பேரும் வாக்களித்தார்கள். அமைச்சர் மசகோஸ் கொண்டுவந்த அரசமைப்புத் திருத்தத்துக்கு 85 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. இருவர் வாக்களிப்பதைத் தவிர்த்தனர். அந்தத் திருத்தம்தான் இன்றைய 156ஆவது பிரிவு. திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற அடிப்படையில் அமைந்த சட்டத்தையோ அரசின் நடவடிக்கையையோ, சமத்துவம் முதலிய அடிப்படை உரிமைகளைக் காட்டிச் செல்லாதது ஆக்க முடியாது என்பதே அதன் சாரம். வீட்டு வசதியோ பள்ளிக் கல்வியோ பிள்ளைத் தத்தெடுப்போ, அந்த அடிப்படையில் வகுத்த எந்தக் கொள்கைக்கும் இந்தக் காப்பு உண்டு.

என் வேலைக்காலம் முழுதும் நீதிமன்றங்களை நம்பியே கழிந்தது. வழக்கு தோற்பது வேறு. வழக்குக்கே போக வழியில்லாமல் செய்வது வேறு. தோற்றவனுக்கு நீதிபதி காரணம் எழுதித் தருவார். அந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டு அடுத்தவன் இன்னொரு வாதத்தோடு போவான். அப்படிப் போனதால்தான் 2014இல் தோற்ற வழக்கு 2022இல் வேறு முடிவுக்கு வந்தது. உனக்கும் என் மருமகளுக்கும் அந்தப் பாதை அடைபட்டுவிட்டது. ஒரு தரப்பாரின் கவலைக்காக இன்னொரு தரப்பாரின் வாதத்தைக் கேட்காமலே விடுவது நியாயம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நாடாளுமன்றத்தின் வழி திறந்துதான் இருக்கிறது. திருமணத்தின் வரையறையை அரசமைப்புச் சட்டத்துக்குள் எழுதிவைக்கவில்லை. வருங்கால நாடாளுமன்றம் ஒன்று விரும்பினால் சாதாரணப் பெரும்பான்மையிலேயே மாதர் சாசனத்தை மாற்றலாம். ஆனால் திரு லாரன்ஸ் வோங், துணைப் பிரதமராக இருந்தபோதே, தம் பொறுப்புக் காலத்தில் அந்த வரையறை மாறாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இப்போது அவரே பிரதமர். 2025 மே மாதத் தேர்தலிலும் அவர் கட்சியே வென்றது. எனவே "சீக்கிரம் மாறிவிடும்" என்ற நினைப்பில் எதையும் தள்ளிப்போடாதே.

இனி நீ செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமானது இதுதான்.

உயில் இல்லாமல் நீ இறந்துவிட்டால் (இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனால் எழுதித்தான் ஆகவேண்டும்) இங்கே உன் பெயரில் உள்ளது அத்தனையும் எனக்கும் அப்பாவுக்கும் வரும். சட்டப்படி நீ மணமாகாதவள், பிள்ளையும் இல்லை. உன்னோடு வாழ்ந்தவளுக்கு ஒரு வெள்ளி கிடையாது. "நீங்கள் எடுத்துக்கொள்ள மாட்டீர்களே" என்பாய். மாட்டோம். எங்கள் காலத்துக்குப் பிறகு அது உன் அண்ணனுக்குப் போகும், அவனும் நல்லவன்தான். ஆனால் அவள் யாருடைய நல்ல மனத்தையும் எதிர்பார்த்து நிற்கக்கூடாது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு முறை ஓர் அம்மையார் வந்தார். இளமைக் காலம் முதல் தோழி ஒருத்தியோடு ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாழ்ந்தவர். வீடு தோழியின் பெயரில் இருந்தது. உயில் இல்லை. தோழியின் தம்பி சொத்துரிமைக்கு மனுப் போட்டிருந்தார். இந்த அம்மையார் ஒரு பிஸ்கட் டின் நிறைய மின்சாரக் கட்டண ரசீதுகளை என் மேசையில் கொட்டி, எல்லாம் நான் கட்டியது என்று காட்டினார். ஒவ்வொன்றையும் தேதிவாரியாக அடுக்கி ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். அந்தத் தாள்களால் அவருக்கு வீட்டில் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. ஒரு பக்க உயில் இருந்திருந்தால் போதும்.

ஆகவே உயில் எழுது. திருமணம் முன்பு எழுதிய உயிலை ரத்தாக்கும் என்பது இங்குள்ள சட்டம். உங்கள் திருமணத்தை இங்கே ஏற்காவிட்டாலும், எந்த வாதத்துக்கும் இடம் கொடுக்காமல், திருமணத்துக்குப் பிறகு புதிதாகவே எழுதிவிடு. நீ கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடன் இருந்து, உன் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும்; உயிலால் பயன்பெறுபவர் யாரும் சாட்சியாக இருக்கக்கூடாது. மசேநி (மத்திய சேமநிதி) பணம் உயிலுக்குள் வராது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும். யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். செய்யாவிட்டால் அதுவும் எங்களுக்கே வந்து சேரும். மூன்றாவது, எல்பிஏ என்று எல்லாரும் சொல்லும் நீண்டகால அதிகாரப் பத்திரம். நீ சுயநினைவோடு முடிவெடுக்க இயலாத நிலை வந்தால் உன் பராமரிப்பையும் பணத்தையும் பார்த்துக்கொள்ள அவளை நியமித்துவிடு. பத்திரம் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். மருத்துவமனையில் படுக்கையருகே நிற்பவள் யார் என்று யாரும் கேட்டால் காட்ட ஒரு தாள் அவள் கையில் இருக்க வேண்டும்.

தாள்களால் தீராதவையும் உண்டு. குடிமகளின் வாழ்க்கைத்துணை என்ற முறையில் அவளுக்கு இங்கே தங்க அனுமதி கிடைக்காது; தன் வேலைக்கான அனுமதியோடுதான் வர முடியும். தம்பதியாக வீவக வீடு வாங்க முடியாது. 35 வயதானால் ஒற்றையர் என்ற கணக்கில் நீ மட்டும் வாங்கலாம். பிள்ளை பற்றி நீங்கள் யோசிப்பதாகச் சொன்னாய். சேர்ந்து தத்தெடுக்க, சிங்கப்பூர் ஏற்கும் திருமணம் வேண்டும் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நீ திரும்பி வரவேண்டும் என்று நான் எவ்வளவு ஏங்குகிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும், இவற்றையெல்லாம் எடைபோட்டு அங்கேயே இருப்பது என்று நீங்கள் முடிவு செய்தால் நான் மனத்தாங்கல் கொள்ள மாட்டேன். பிள்ளை பிறந்தால் நான்தான் அங்கே வருவேன்.

உயில் வரைவு தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. சொற்களைச் சரிபார்த்துத் தருகிறேன். பிறகு இங்கேயே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளலாம். திருமணத்துக்கு நானும் அப்பாவும் வருகிறோம், அண்ணனும் விடுப்புக்குச் சொல்லியிருக்கிறான். சிராங்கூன் சாலையில் நகைக்கடையில் தாலிக்கு விசாரித்து வைத்திருக்கிறேன். இருவருக்கும் ஒரே மாதிரி செய்யவா, அவளுக்கு வேறு ஏதாவது விருப்பம் உண்டா என்று கேட்டுச் சொல். அவளுடைய பெற்றோருக்கு நான் முறைப்படி ஒரு கடிதம் எழுத வேண்டும், அவர்கள் முகவரியையும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா