முதல் வகுப்பு என்ற வடிகட்டி எதற்கு? முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் குறித்து ஒரு திறந்த மடல்

சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறையின் செயலாளருக்கும், முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்துக்குத் தகுதி விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவன் நான். 2022-இல் தமிழ்நாடு அரசு இந்தப் புத்தாய்வுத் திட்டத்தை (ஃபெல்லோஷிப்) அறிவித்ததிலிருந்தே வகுப்பில் அதைப் பற்றிச் சொல்லி வருகிறேன். மாதம் 65,000 ரூபாய், பயணம், தொலைபேசி வகையறாவுக்கு இன்னொரு 10,000. இரண்டு ஆண்டுகள் அரசின் முக்கியத் திட்டங்கள் களத்தில் எப்படி நடக்கின்றன என்று பார்த்துச் சொல்லும் வேலை. கூடவே திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு பொதுக் கொள்கைப் படிப்பு. இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அப்புறம் யாராவது எழுந்து தகுதி என்ன என்று கேட்பார்கள். அதைச் சொன்னதும் பாதிப் பேர் பழையபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு என்றால் இளநிலைப் பட்டம் போதும், முதல் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். கலை, அறிவியல் என்றால் முதுநிலைப் பட்டம் வேண்டும், அதிலும் முதல் வகுப்பு. 2022 அறிவிக்கையின் விதி இது. பி.ஏ. முடித்த கையோடு குடும்பத்தின் கடனை அடைக்க வேலை தேடிப் போகிற பிள்ளைகள்தான் எங்கள் கல்லூரியில் அதிகம். அவர்களுக்கு இந்த ஒரு வரியிலேயே கதவு மூடிவிடுகிறது.

குறை மட்டும் சொல்ல வரவில்லை. உதவித்தொகையை இந்த அளவுக்கு வைத்தது நல்ல முடிவு. சில தன்னார்வ நிறுவனங்கள் ஃபெல்லோஷிப் என்ற பெயரில் கொடுக்கும் தொகையில் பாதி, பெருநகரத்து அறை வாடகைக்கே போய்விடும். அப்பா அனுப்பிவைக்கும் பணம் இருந்தால்தான் அங்கே சமூக சேவை செய்ய முடியும். நீங்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 30 வயது வரம்பைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 33 என்று தளர்த்தியதும் சரிதான். தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்படியே. இவ்வளவு யோசித்தவர்கள் மதிப்பெண் விஷயத்தில் மட்டும் ஏன் பழைய பாதையிலேயே போனீர்கள் என்பதுதான் என் கேள்வி.

வட மாவட்டங்களில் ஏதாவது ஒரு ஆட்சியர் அலுவலகத்துக்கு, திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளன்று போய்ப் பாருங்கள். இருளர் குடும்பம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தியை நிச்சயம் பார்க்கலாம். கையில் ஜெராக்ஸ் கட்டு. குழந்தைக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதைத் தர வேண்டியவர் கோட்டாட்சியர். அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள், இருக்காது. அதனால் சித்தப்பா மூன்றாம் வகுப்போடு நின்ற பள்ளிக்கூடத்திலிருந்து அவருடைய மாற்றுச் சான்றிதழின் நகலை வாங்கிவந்து இணைத்திருப்பாள். எந்த மேசையில் மனு தேங்கும், விசாரணைக்கு வருவதாகச் சொன்ன அன்று குடும்பம் செங்கல் சூளைக்குப் போகாமல் இருக்க யார் கூலியை ஈடுகட்டுவது, எல்லாம் அவளுக்குத் தெரியும். இந்தத் திட்டத்துக்கென்று நீங்கள் வகுத்த 12 துறைகளில் சமூக உள்ளடக்கமும், அதாவது விளிம்பில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்வதும், ஒன்று. அதைக் கற்றுத் தரும் வகுப்பே அந்த மரத்தடியில்தான் நடக்கிறது. ஆனால் அவள் பி.ஏ. இரண்டாம் வகுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை நேரத்தில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அரசுத் திட்டம் ஒன்று கிராமத்தில் எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவுகிறது என்று அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் யார்? அவர்களுடைய அந்த அனுபவத்துக்கு உங்கள் விண்ணப்பத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

முதல் வகுப்பு என்பது உழைப்பின் அடையாளம் என்பீர்கள். சரி. ஆனால் முதல்நிலைத் தேர்வு, விரிவான எழுத்துத் தேர்வு, நேர்முகம் என்று மூன்று கட்டங்களை நீங்களே வைத்திருக்கிறீர்கள். யாருக்கு எழுத வரும், யாருக்கு யோசிக்க வரும் என்று அவையே சொல்லிவிடும். அதற்கு முன்னால் இன்னொரு வடிகட்டி எதற்கு? மகாராஷ்டிரத்தின் முதல்வர் ஃபெல்லோஷிப் 2015-இல் தொடங்கியது. அங்கேயும் 60 சதவீத மதிப்பெண் கேட்கிறார்கள். ஆனால் பட்டம் எதுவாக இருந்தாலும் சரி, ஓராண்டு வேலை அனுபவம் வேண்டும் என்கிறார்கள். அனுபவத்துக்குத் தருகிற அந்த இடத்தையாவது நாம் எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே போய்த் தேடவும் வேண்டாம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் என்று 2010-இலேயே சட்டம் போட்டது இந்த மாநிலம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் மற்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 45 உயர் பதவிகளுக்கு இடஒதுக்கீடு இல்லாமல் வெளியிலிருந்து ஆள் எடுக்கும் நேரடி நியமன (லேட்டரல் என்ட்ரி) விளம்பரம் கொடுத்தபோது, அது சமூகநீதி மீதான தாக்குதல் என்று அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலினே கண்டித்தார். சில நாட்களில் அந்த விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. புத்தாய்வு என்பது அதிகாரப் பதவி அல்ல, இரண்டு ஆண்டு ஒப்பந்தம்தான், தெரியும். ஆனாலும் ஆட்சியின் மேல்மட்டத்துக்கு மிக அருகில் உட்காரும் இடம் அது. அங்கே யார் உட்காருகிறார்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

ஆகவே அடுத்த அறிவிக்கையில் இதைச் செய்யுங்கள். ஒரு பகுதி இடங்களுக்காவது, எந்தப் பட்டமாக இருந்தாலும் எந்த வகுப்பாக இருந்தாலும், மூன்று ஆண்டு களப்பணி இருந்தால் போதும் என்று வையுங்கள். களப்பணிக்குச் சான்று தர ஊராட்சித் தலைவரோ பள்ளித் தலைமையாசிரியரோ போதும். போலிச் சான்று வரும் என்ற பயம் நியாயமானதுதான். அதை நேர்முகத்தில் கண்டுபிடித்துவிடலாம். கோட்டாட்சியர் விசாரணைக்கு ஒருமுறையாவது ஆள் கூட்டிப் போனவர் யார், போகாதவர் யார் என்று இரண்டு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

புத்தாய்வுக்குத் தேர்வாகும் ஒவ்வொரு அணியிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எத்தனை பேர், அரசுப் பள்ளியில் படித்தவர்கள் எத்தனை பேர், தமிழ்வழியில் படித்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் பெயர் இல்லாமல் எண்ணிக்கையாக வெளியிடுங்கள். முதல் அணியின் 30 பேரிலிருந்தே தொடங்கலாம். இதற்கு அரசாணைகூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
அரசு கலைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்