பலாலிக்குப் போகிறவளுக்கு

நங்கநல்லூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள தேனு,

யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போட்டாச்சு என்று நீ அனுப்பியதை அப்பா பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். நீ, மாப்பிள்ளை, நிலவன், சம்பந்தியம்மா, நாலு பேரும் சேர்ந்து போவது எனக்கு ரொம்பத் திருப்தி. விஷயங்களைப் போனில் சொல்லலாம்தான். பாதியில் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ரயிலில் வரும்போது நிதானமாகப் படி.

"சின்ன ஏர்போர்ட்தானேம்மா, கண்ணை மூடிக்கிட்டுப் போய்ட்டு வந்துடுவேன்" என்று நீ சொன்னது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் ஓடி ஓடிப் பழகியவள் நீ. பெரிய இடத்தில் ஒன்று தவறினால் இன்னொன்று கிடைக்கும். இந்த ஏடிஎம் வேலை செய்யாவிட்டால் நாலு கடை தள்ளி வேறொன்று, இந்த விமானம் போனால் சாயங்காலம் இன்னொன்று. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலியில் அந்த இன்னொன்று கிடையாது. வழி தவறவே முடியாத இடம் அது. ஆனால் வீட்டில் மறந்துவிட்டுப் போனதை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதே.

முதலில் விசா. இலங்கைக்கு ஈ.டி.ஏ. என்கிற முன் அனுமதியை இணையத்திலேயே வாங்கிவிட வேண்டும். நிலவனுக்கும் தனியாக. தேடினால் அரசுத் தளம் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு கூடுதல் கட்டணம் கறக்கிற தளங்கள் மேலே வந்து நிற்கும். முகவரியின் கடைசி 'கவ் டாட் எல்கே' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பி. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் நம்மூர் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். நாலு பேருடைய பாஸ்போர்ட்டிலும் இன்னும் 6 மாதமாவது செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுடையதை இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொல். அவர்கள் துபாய் போய் வந்ததோடு பீரோவில் வைத்தது, தேதி யாருக்கு ஞாபகம்?

எல்லாவற்றையும் போனில் வைத்திருக்கிறேன் என்பாய். தாளிலும் ஒரு பிரதி எடுத்துக்கொள். தங்கப்போகிற விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண், திரும்பி வரும் டிக்கெட், எல்லாம் ஒரு உறையில். அங்கே இறங்கியதும் நெட் வராது, குடியேற்ற அதிகாரி முகவரி கேட்பார். பேனாவும் வை. விமானத்தில் பேனாவைக் கடன் கேட்கிற கூட்டத்தில் என் மகள் இருக்கக்கூடாது.

இனி நம்ம மீனம்பாக்கம் விமான நிலையம். பெங்களூரில் முகத்தைக் காட்டி நுழைகிறாயே டிஜியாத்ரா, அது உள்நாட்டுப் பயணத்துக்குத்தான். இங்கே சர்வதேச முனையத்தின் வாசலில் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். வீட்டிலிருந்து மெட்ரோவில் போனால் நங்கநல்லூர் ரோட்டுக்கு அடுத்தது மீனம்பாக்கம், அதற்கடுத்தது விமான நிலையம். பெட்டியும் சம்பந்தியம்மாவின் முழங்காலும் இருப்பதால் கார்தான் சரி, அப்பா கொண்டுவந்து விடுவார். மூன்று மணி நேரத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பறக்கப் போவதற்கு மூன்று மணி நேரக் காத்திருப்பா என்று மாப்பிள்ளை முகம் சுளிப்பார். விமானம் சின்னது என்பதற்காக வரிசை சின்னதாகிவிடாது தேனு. கோலாலம்பூர், துபாய், கொழும்பு என்று போகிற அத்தனை பேரோடும் ஒரே குடியேற்ற வரிசையில்தான் நீங்களும் நிற்க வேண்டும். ஒரு நல்லது, இந்தியர்கள் வெளிநாடு போகும்போது புறப்பாட்டு அட்டை நிரப்புவதை 2017 ஜூலையில் எடுத்துவிட்டார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்தபின் காதை நம்பாதே. 2022 டிசம்பரிலிருந்து சென்னை 'அமைதி விமான நிலையம்', விமானம் ஏறச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடுவார்கள், போகலாம் என்று காபியோடு உட்கார்ந்திருந்தால் விமானம் போய்விடும். திரையில் கேட் எண்ணைப் பார்த்துக்கொண்டே இரு, அது மாறவும் மாறும். இந்த மாதிரிச் சின்ன விமானங்களுக்குப் பெரும்பாலும் கீழ்த்தளத்து கேட்தான். அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். நிலவனுக்குப் பஸ் பயணமும் ஒரு கொண்டாட்டம்.

விமானத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏடிஆர் 72. இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற ரகம், சுமார் 70 பேர் உட்காரலாம், ஒரு வரிசைக்கு இரண்டும் இரண்டும் நாலு இருக்கை. அதில் பயணிகள் ஏறி இறங்குகிற கதவு வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கத்தில் சாமான் அறை. இது தெரியாமல் கூடுதல் காசு கொடுத்து முதல் வரிசை வாங்கினால் கடைசியில்தான் இறங்குவீர்கள், குடியேற்ற வரிசையிலும் கடைசி. பின் வரிசைகளாகப் பார்த்துப் போடு. கதவிலேயே மடிந்து இறங்குகிற நாலைந்து படிகள்தான், உயர ஏணி கிடையாது. சம்பந்தியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடலாம். இருந்தாலும் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட்டிலேயே பதிவு செய்து வை. அவர்களிடம் மட்டும், "உங்களுக்கு இல்லை அத்தை, வரிசையில் நிற்காமல் போவதற்கு" என்று சொல்லு. கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தலைக்கு மேலே இருக்கிற பெட்டியறை குட்டி. சக்கரம் வைத்த கைப்பெட்டி அதில் நுழையாது, விமானத்து வாசலில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். மருந்து, பணம், பாஸ்போர்ட், நிலவனுடைய மாற்றுத் துணி எல்லாவற்றையும் ஒரு தோள்பையில் வை. பவர் பேங்க் கையோடுதான் இருக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் போடக்கூடாது. நான் போட்டுக் கொடுக்கிற ஆவக்காய் ஊறுகாய் பெரிய பெட்டிக்குள். கொப்பரைத் தேங்காய் எதிலும் வேண்டாம், எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் என்று விடமாட்டார்கள். இதைச் சம்பந்தியம்மாவுக்கு முதலிலேயே சொல்லிவிடு, அவர்கள் எங்கே போனாலும் கோயிலுக்கென்று ஏதாவது கட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடி. இந்த விமானத்துக்கு இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்கு எதுவும் மறைக்காது. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட நேர் தெற்கே போகிறது. வானம் தெளிவாக இருந்தால் நம் கரை நெடுகக் கூடவே வரும், பிறகு பாக் நீரிணை, உடனே பனைமரங்கள். நிலவனிடம் கோடியக்கரை எங்கே என்று வரைபடத்தில் முன்னாலேயே காட்டி வை. அப்பாவுக்கு இந்தப் பாதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. இலங்கையின் அந்தக் காலத்து விமான நிறுவனமான ஏர் சிலோனுடைய முதல் பயணமே 1947 டிசம்பரில் கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக மெட்ராஸுக்குத்தான் என்பார். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. உள்நாட்டுப் போரில் பொதுமக்களுக்கு எட்டாத இடமாகிப்போனது. 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறந்தது, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடியும் வந்தது. 2024 செப்டம்பரிலிருந்து இண்டிகோவும் போகிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பலாலி என்றாலே செய்தியில் குண்டு விழுந்த இடமாகத்தான் கேட்டிருப்பாய். இப்போது உன் பிள்ளை அங்கே விடுமுறைக்குப் போகிறான். எனக்கு அதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது, நல்ல மாதிரிதான்.

இறங்கியதும் ஒரு விஷயம், போனை உள்ளே வை. பலாலியில் இலங்கை விமானப்படைத் தளமும் இருக்கிறது. மாப்பிள்ளை விமானத்துக்கு முன்னால் நின்று குடும்பப் படம் எடுக்க ஆசைப்படுவார், வேண்டாம் என்று சொல். படத்துக்கு நல்லூர் கோயில் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, கசூரினா கடற்கரை இருக்கிறது.

விமானத்திலிருந்து கட்டடத்துக்கு நடை தூரம்தான். அங்கே அம்புக்குறிகளைத் தேடாதே. முன்னால் போகிறவர் பின்னால் போ, அவ்வளவே. குடியேற்றம், பெட்டி எடுக்கிற இடம், சுங்கம், வாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். பலகையில் தமிழ் முதலில் இருக்கும். கவுண்டரில் தமிழிலேயே பேசலாம். வெளிநாட்டு அதிகாரி முன்னால் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டு நிற்கிற பழக்கம் எனக்கு உண்டு, அங்கே அது தேவைப்படவே இல்லை. மரியாதையாக, நிதானமாகப் பேசு. அவசரமாகப் பேசினால் நம் சென்னைத் தமிழ் அவர்களுக்குப் பிடிபடாது, அவர்கள் தமிழும் உனக்கு முதல் நாள் கொஞ்சம் வேகமாகத் தெரியும். இத்தனை பேரும் ஒரே விமானத்தில் வந்தவர்கள், எல்லோருக்கும் ஒரே வேலை. யாரும் முந்தப் போவதில்லை, நீயும் முந்தாதே.

பணத்தைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. நாணயம் மாற்றுகிற கவுண்டர் திறந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு போகக்கூடாது. முதல் நாள் ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற அளவு இலங்கை ரூபாயைச் சென்னையிலேயே மாற்றி வைத்துக்கொள். மீதியை யாழ்ப்பாணம் டவுனில் மாற்றலாம், அங்கே விலையும் பரவாயில்லை. சிம் கார்டும் அப்படித்தான், டவுனில் வாங்கு. ஒரு போனில் மட்டும் ரோமிங் போட்டு வை. வாசலுக்கு வந்தபின் டாக்சிக்கு ஆப்பைத் திறந்து தேடிக்கொண்டிருக்காதே. விடுதிக்காரரிடம் முதல் நாளே சொல்லி, வண்டி எண்ணையும் ஓட்டுநர் எண்ணையும் வாங்கி, அந்த உறையில் எழுதி வை. டவுன் சுமார் 16 கிலோமீட்டர். ஒரு விமானத்துக்கு வருகிற வண்டிகள்தான் அங்கே நிற்கும். கூட்டம் கலைந்தால் வாசலும் காலியாகிவிடும், பிறகு வெயிலில் நிற்க வேண்டியதுதான். கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இங்கே என்ன நேரமோ அங்கேயும் அதே நேரம்.

திரும்பி வரும்போது இன்னும் கவனம். அங்கே கடைத்தெரு மாதிரி எதுவும் எதிர்பார்க்காதே. நிலவனுக்குப் பசித்தால் அழுது தீர்த்துவிடுவான், டவுனிலேயே நன்றாகச் சாப்பிட வைத்துவிட்டுக் கிளம்பு. தண்ணீர்ப் பாட்டிலைச் சோதனை தாண்டும் முன் காலி செய்து கொண்டு போ. நீங்கள் போவது வெயில் காலம் என்பதால் பயமில்லை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நம்மையும் அவர்களையும் சேர்ந்தே பிடிக்கும், அப்போது ஒரு விமானம் தாமதமானால் அன்றைய திட்டமே கவிழ்ந்துவிடும். ஆனாலும் எந்தக் காலமானாலும் வந்திறங்குகிற அன்றைக்கே பெங்களூருக்கு ரயில் போடாதே. ஒரு ராத்திரி நம் வீட்டில் தங்கிவிட்டுப் போங்கள். இதில் என் சுயநலமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

கறுத்தக் கொழும்பான் மாம்பழம் அங்கே நன்றாக இருக்கும். அங்கேயே தின்றுவிட்டு வாருங்கள். பழம், விதை, செடி எதையும் நாட்டுக்குள் கொண்டுவரத் தனி விதிமுறை இருக்கிறது, சுங்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். எனக்குப் பனங்கட்டி போதும். ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவு, கிடைத்தால் அரைக் கிலோ, நன்றாக ஒட்டிய பொட்டலமாக. நல்லெண்ணெய் வாங்கினால் பெரிய பெட்டிக்குள், துணிக்கு நடுவே வை. அப்பா எதுவும் வேண்டாம் என்கிறார். ஆனால் போர்டிங் பாஸ் அட்டையை மட்டும் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொன்னார், அவருடைய பழைய டிக்கெட் டப்பாவில் சேர்க்க வேண்டுமாம்.

வெள்ளிக்கிழமைக்குள் ஈ.டி.ஏ. வந்துவிட்டதா என்று ஒரு வரி போடு. வராவிட்டால் மாப்பிள்ளையை விட்டு எனக்குப் போன் செய்யச் சொல், நீ பேசினால் பாதியில் வைத்துவிடுவாய்.

அன்புடன்,
அம்மா